மூச்சு வழியில் நிற்கும் காவலன்

"நெருப்பில்லாமற் புகையாது" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஊரிலே உலாவும் வதந்திக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்தே தீரும் என்னும் கருத்தில் நாம் அதனை எடுத்தாளுகின்றோம். தீயணைக்கும் பணியில் ஈடுபட்டோரோ அம்மொழியோடு மற்றொன்றையும் சேர்த்தே நினைவில் வைத்திருப்பர். நெருப்பு எரியும் இடம் ஒன்றாகவும், புகை உயிர் குடிக்கும் இடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும் என்பதே அது. கீழ்த்தளத்திலே மூண்ட தீயை ஒரு கணமேனும் கண்ணாற் காணாதவர்கள், இருபது மாடிகளுக்கு மேலே படுக்கையறையில் மூச்சுத் திணறி மாண்ட கதைகள் உண்டு. அவர்களிடம் அந்தப் புகையைக் கொண்டு சேர்த்த வழிகளுள் ஒன்றையும், அவ்வழியிலே நிறுத்தப்படும் சின்னஞ்சிறு காவலனையும் பற்றியே இங்கு கூற விரும்புகின்றோம்.

மூடிய கட்டடமும் இயந்திர மூச்சும்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளை வாசகர்கள் அறிவார்கள். நடுமுற்றம் வானத்தை நோக்கித் திறந்திருக்கும். அடுக்களைப் புகை கூரையின் இடுக்குகள் வழியே தானாக வெளியேறும். காற்று வருவதற்கும் போவதற்கும் எவரும் கருவி தேடவில்லை. வீட்டின் அமைப்பே அதனைக் கவனித்துக்கொண்டது.

இக்காலத்துப் பெருங்கட்டடங்களின் இயல்பு வேறு. கொழும்பு நகரிலே உயர்ந்து நிற்கும் அலுவலகங்களையும் ஹோட்டல்களையும் பார்த்தால், அவற்றுட் பலவற்றின் கண்ணாடிச் சாளரங்கள் திறக்கவே இயலாதவை. உள்ளே இருப்போர் அனைவருக்கும் மூச்சுக் காற்றை ஓர் இயந்திரமே ஊட்டுகின்றது. பெரிய மின்விசிறி ஒன்று காற்றை இழுக்கின்றது. வடிகட்டி அதன் தூசியை நீக்குகின்றது. குளிர்ச் சுருள் அதனைக் குளிரச் செய்கின்றது. பின்னர் நாகமுலாம் பூசிய இரும்புத் தகட்டினாற் செய்த காற்றுக்குழாய்கள், கூரைத்தட்டுக்கு மேலே மறைந்து ஓடி, அறைதோறும் அக்காற்றைக் கொண்டு சேர்க்கின்றன. அறையிலிருந்து மீளும் காற்று வேறொரு குழாய் வழியே இயந்திரத்துக்குத் திரும்பி, புதுக்காற்று சிறிது கலக்கப்பெற்று, மறுபடியும் எல்லா அறைகளுக்கும் செல்கின்றது. இது மனித உடலின் இரத்தவோட்டத்தை ஒத்தது எனலாம்.

இரத்தத்தில் ஓரிடத்திற் கலந்த நஞ்சு உடல் முழுவதும் பரவுமன்றோ? அவ்வாறே ஓர் அறையில் எழுந்த புகையும் மீள்குழாயிற் புகுந்து, இயந்திரத்தைச் சுற்றி வந்து, தீயென்பதையே அறியாத அறைகளில் இறங்குகின்றது. அதன் விரைவு நாம் எண்ணுவதிலும் பெரிது. பெருங்கட்டடங்களின் தலைமைக் குழாய்களிலே காற்று செக்கனுக்கு 5 முதல் 10 மீற்றர் வரை ஓடுவது வழக்கம். ஆறுதலாக நடப்பவன் ஒரு செக்கனில் ஒன்றரை மீற்றரும் நடப்பதில்லை. செக்கனுக்கு 8 மீற்றர் ஓடும் காற்றோடு சேர்ந்த புகை, ஐந்தே செக்கன்களில் 40 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். ஓடித் தப்ப நினைப்பவனைப் புகை முந்திச் சென்று, அவன் போகும் இடத்திலே காத்திருத்தலும் கூடும்.

லாஸ் வேகாஸ் தந்த பாடம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலே லாஸ் வேகாஸ் என்னும் நகரம் உளது. அங்கிருந்த எம்.ஜி.எம். கிராண்ட் என்னும் ஹோட்டல் 26 மாடிகளைக் கொண்டது. 1980ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் திகதி காலை, விருந்தினரும் பணியாளருமாக ஏறத்தாழ 5,000 பேர் அதனுள் இருந்தனர். கீழ்த்தளத்துச் சிற்றுண்டிச்சாலை ஒன்றின் சுவருக்குள், பலகாரங்களைக் குளிரில் வைக்கும் பெட்டி ஒன்றுக்குச் சென்ற மின்கம்பிகளில் ஏற்பட்ட பழுதினால் தீ மூண்டது. மறைவிலே புகைந்து கிடந்த அத்தீ வெளிப்பட்டதும், அடுத்திருந்த பெரிய சூதாட்ட மண்டபத்தை மிகச் சொற்ப நேரத்தில் விழுங்கிற்று. அம்மண்டபத்திலே தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இருக்கவில்லை.

தீயணைப்புப் படையினர் தீயைக் கீழ்த்தளங்களிலேயே மறித்துவிட்டனர். மேல்மாடிகளைச் சுவாலை எட்டவில்லை. அவ்வாறிருந்தும் அன்று மாண்ட 85 பேரிற் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்தவர்களே! அவர்களைக் கொன்றது புகை. மாடிப்படிக் கூண்டுகள் வழியாகவும், லிப்ட் ஓடும் சுரங்கங்கள் வழியாகவும், கட்டடப் பகுதிகளுக்கிடையே விடப்பட்டிருந்த இடைவெளிகள் வழியாகவும் அது ஏறிற்று. காற்றுக்குழாய்களும் அதற்குத் துணை நின்றன. ஆபத்து வேளையிலே தாமாக மூடிப் புகையை மறிக்கவேண்டிய அடைப்புத் தட்டுகள் சரிவர இயங்கவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளியாயிற்று. மூச்சுக் காற்றைச் சுமப்பதற்கென அமைத்த அமைப்பே புகையையும் சுமந்து சென்றது. கூரைமீது ஏறி நின்ற நூற்றுக்கணக்கானோரை ஹெலிகொப்டர்கள் மீட்டன.

புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயு நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு சேர்வதிலே ஒட்சிசனைக் காட்டிலும் அதற்கு 200 மடங்குக்கு மேற்பட்ட நாட்டம் உண்டு. உறங்குபவன் அதனைச் சுவாசித்தால் விழித்தெழாமலே உணர்விழப்பான். எனவேதான் புகையைக் கண்டறியும் வேலையை மனிதனது மூக்கினிடம் விட்டுவைத்தல் தகாது என்கின்றனர் அறிஞர்.

புகையை அறியும் கண்

புகையறியும் கருவியின் பிறப்பு சுவையான ஒரு வரலாறு. 1930களின் பிற்பகுதியிலே சுவிற்சர்லாந்து நாட்டுப் பௌதிக அறிஞர் வால்ட்டர் யேகர் என்பார், நச்சு வாயுவை உணர்த்தும் கருவி ஒன்றை ஆக்க முயன்றார். வாயுவை உட்செலுத்தியும் கருவியின் முள் அசையவில்லை. சலிப்புற்று அவர் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தபோது, அதன் புகை பட்டு முள் அசைந்தது என்று கூறுவர். தேடியது கிட்டவில்லை, தேடாதது கிட்டிற்று!

இக்கருவிகளில் இருவகை உண்டு. முதல் வகையிலே அமெரிசியம் 241 என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகம், ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைந்த அளவில், வைக்கப்பட்டிருக்கும். அது வெளிவிடும் அல்பாத் துணிக்கைகள் காற்றை அயனாக்கி, மெல்லிய மின்னோட்டம் ஒன்றை நிகழ்விக்கும். புகைத் துகள்கள் உட்புகுந்தால் அயன்கள் அவற்றிலே ஒட்டிக்கொள்ள, மின்னோட்டம் குறையும். உடனே கருவி விழித்துக்கொள்ளும்.

இரண்டாம் வகை ஒளியைக் கொண்டு இயங்குவது. இருண்ட சிற்றறை ஒன்றில் ஒளிக்கற்றை ஒரு திசையிற் செல்லும். ஒளியுணரும் கண் அதன் நேர்வழியில் இராமல், பக்கத்தே ஒதுங்கியிருக்கும். தூய காற்றில் அக்கண்ணுக்கு ஒளி தென்படாது. புகை நுழைந்தாலோ, ஓலைக் கூரையின் துவாரத்தினூடே விழும் வெயிற் கற்றையிலே தூசிகள் மின்னுவதுபோல, துகள்கள் ஒளியைச் சிதறச் செய்யும். சிதறிய ஒளி கண்ணிற் பட்டதும் கருவி குரல் கொடுக்கும். விரைந்தோடும் காற்று அயன்களை அடித்துச் சென்று முதல் வகைக் கருவியைக் குழப்புதல் கூடுமாதலால், இன்று காற்றுக்குழாய்களுக்கு ஒளிவகைக் கருவியே பெரிதும் விரும்பப்படுகின்றது.

எங்கே நிறுத்துவது?

காவலனை எங்கே நிறுத்துவது என்பதே முதல் வினா. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்துள்ள விதிகள் பல நாடுகளிலும் பொறியியலாளரால் எடுத்தாளப்படுகின்றன. நிமிடத்துக்கு 2,000 கன அடிக்கு மேற்பட்ட காற்றை வழங்கும் இயந்திரமாயின், வழங்கு குழாயிலே, வடிகட்டிக்குப் பின்னும், முதற் கிளை பிரிவதற்கு முன்னும் கருவி இருத்தல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

இதன் காரணத்தை மாணவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். தூசி படிந்த வடிகட்டி எளிதிலே தீப்பற்றக்கூடியது. மின்விசிறியின் மோட்டாரும் அதனைச் சுழற்றும் பட்டியும் சூடேறிப் புகையலாம். வடிகட்டிக்கு முன்னே கருவியை வைத்தால் இப்புகைகளை அது காணாது. கிளை பிரிந்த பின்னர் வைத்தாலோ, ஒரு கிளையைக் காக்கும் வேளையில் மற்றவை காவலின்றிக் கிடக்கும். பல மாடிகளுக்கும் பொதுவாகி, நிமிடத்துக்கு 15,000 கன அடிக்கு மேற்பட்ட காற்றைத் திருப்பி எடுக்கும் மீள்குழாய்களிலே, ஒவ்வொரு மாடியின் காற்றும் பொதுக்குழாயிற் சேருமுன்னரே ஒரு கருவி வேண்டும். பத்துக் கிணற்று நீரை ஒன்றாய்க் கலந்த பின்னர், உப்புக் கரித்த கிணறு எதுவென்று எங்ஙனம் அறிவது?

பொருத்தும் முறை

குழாயின் வளைவிலே காற்று சுழித்து ஓடும். ஆற்றின் மடுவிலே சருகுகள் ஒரு புறம் ஒதுங்குவதுபோல, அங்கே புகையும் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடக்கூடும். ஆதலால் வளைவுக்கும் கிளைவாய்க்கும் அப்பால், குழாயின் அகலத்தைப் போல் ஆறு மடங்கு தூரமேனும் நேராக ஓடிய இடத்தைத் தெரிதல் நன்று. 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள குழாயாயின், வளைவிலிருந்து 3.6 மீற்றர் தள்ளிப் பொருத்தவேண்டும். குளிர்ச் சுருளுக்கு மிக அண்மையில் வைத்தலும் தகாது. அங்கு திரளும் ஈரம் கருவியைப் பொய்க்குரல் எழுப்பச் செய்யும். நம் நாட்டைப் போன்ற ஈரலிப்பான காலநிலையில் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

கருவி குழாயின் உள்ளே தொங்குவது அன்று. அதன் பெட்டி குழாயின் வெளிச்சுவரிலே பொருத்தப்படும். பெட்டியிலிருந்து இரு குழல்கள் உள்ளே செல்லும். ஒன்றை நுகர்குழல் என்றும், மற்றதை விடுகுழல் என்றும் கூறலாம். நுகர்குழல் குழாயின் அகலத்திற் பெரும்பகுதியைக் குறுக்காகக் கடந்து நிற்கும். அதன் உடலிலே வரிசையாகத் துளைகள் இருக்கும். ஓடிவரும் காற்று அத்துளைகளிற் புகுந்து, பெட்டியினுள்ளிருக்கும் கண்ணைத் தொட்டு, விடுகுழல் வழியே மீண்டும் குழாயை அடையும்.

இங்கே கையாளவேண்டிய கவனம் மூன்று. துளைகள் காற்று வரும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். புறங்காட்டி நின்றால் காவலன் குருடனாவான். நுகர்குழலின் கடைமுனை அடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பெட்டிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே இடுக்கு எதுவும் இருத்தல் ஆகாது. அவ்விடுக்கு வழியே வெளிக்காற்று கலந்தால் மாதிரி கெட்டுவிடும். பொருத்தி முடித்தபின், இரு குழல்களுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாட்டை மனோமானியால் அளந்து, கருவியைச் செய்தோர் குறித்த எல்லைக்குள் அஃது அமைகின்றதா எனப் பார்ப்பர். வேறுபாடு இல்லையேல் காற்று பெட்டியினுள் நுழையவில்லை என்பது பொருள்.

இன்னுமொன்று. கட்டட வேலை நடைபெறும்போதே கருவியைத் திறந்து வைத்தால் சீமெந்துத் தூசியும் மரத்தூளும் அதன் கண்ணை மறைத்துவிடும். வேலை முடிந்து, குழாய்களும் துப்புரவான பின்னரே அதனைப் பணிக்கு விடுதல் முறை.

காவலனின் முதற்கடமை

காவலன் கூவினால் மட்டும் போதுமா? காற்றுக்குழாயில் நிற்கும் கருவியின் முதற்கடமை மின்விசிறியை நிறுத்துவதாகும். புகையை அறிந்த அக்கணமே, அதனுள்ளிருக்கும் மின்தொடுகை விசிறியின் ஓட்டத்தைத் துண்டித்தல் வேண்டும். அடைப்புத் தட்டுகள் உள்ள இடங்களில் அவற்றையும் மூடச் செய்தல் வேண்டும். அதே வேளையிற் கட்டடத்தின் தீயறிவிப்புப் பலகைக்கும் செய்தி போதல் வேண்டும். நஞ்சைச் சுமக்கும் இரத்தவோட்டத்தைத் தடுப்பதற்கு ஒப்பான செயல் இது. மாடிப்படிகளுள் புகை நுழையாவண்ணம் தூய காற்றை அழுத்தி நிறுத்தும் விசிறிகளும், புகையை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த விசிறிகளும் இதற்கு விலக்கு; அவை ஆபத்து வேளையில் ஓடிக்கொண்டேயிருத்தல் வேண்டும். எது நிற்பது, எது ஓடுவது என்பதை முன்கூட்டியே வகுத்து இணைப்பது பொறியியலாளரின் பொறுப்பு.

செய்ய இயலாதவை

இக்கருவி ஒன்று இருக்கின்றதென எண்ணி, அறைகளிலே வேறு கருவிகள் வேண்டாமென விடுவோரும் உளர். இது பெருந்தவறு. பத்து அறைகளின் காற்று ஒருங்கு சேரும் குழாயிலே, ஓர் அறையின் புகை பத்திலொரு பங்காக மெலிந்துவிடும். அறையிலே கண் எரியுமளவுக்குப் புகை சூழ்ந்த பின்னரும், குழாயிலுள்ள கருவி அதனை அறியாமல் இருத்தல் கூடும். மேலும், இரவிலே குளிரூட்டி நிறுத்தப்பட்டால் குழாயிற் காற்றே ஓடாது. நுகர்குழலிடம் புகை வந்து சேர்வதற்கு வழியுமில்லை. ஆகவே உறங்குபவரை எழுப்புவதற்கு அறைக்கூரையில் ஒரு கருவியும், புகையின் பயணத்தை மறிப்பதற்குக் குழாயில் ஒரு கருவியும் வேண்டும். வீட்டு நாயின் வேலை வேறு. ஊர் எல்லைக் காவலனின் வேலை வேறு.

மறக்கப்படும் கருவி

இக்காவலனுக்கு நேரும் பெருந்தீங்கு மறதியே. அறைக்கூரையிலுள்ள கருவியைத் தினமும் காண்கின்றோம். குழாயிலுள்ளதோ கூரைத்தட்டுக்கு மேலே, இருளிலே, எவர் கண்ணிலும் படாது கிடக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தூசி அதன் துளைகளை அடைக்கின்றது. வெளியே குப்பை எரிக்கும் புகையைப் புதுக்காற்று வாயில் இழுத்துக்கொள்ள, கருவி அடிக்கடி குரல் எழுப்புவதும் உண்டு. தொல்லை தாங்காது அதன் இணைப்பையே கழற்றி விடுவோரும் உளர். திருடன் வராத இரவுகளிற் குரைத்தது என்பதற்காக நாயின் வாயைக் கட்டுவது போன்றதே இது. குப்பை எரிக்கும் இடத்தை மாற்றுவதன்றோ தக்க பரிகாரம்?

இதனாலேயே கருவி இருக்கும் இடத்தைக் கூரைத்தட்டின் அடியிலே குறியிட்டுக் காட்டுவதும், எட்டிப் பார்ப்பதற்கு ஒரு சிறு கதவு விடுவதும், கீழே கைக்கெட்டும் உயரத்தில் விளக்கும் சோதனை ஆளியும் அமைப்பதும் நல்ல வழக்கங்களாகின்றன. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நுகர்குழலையும் பெட்டியையும் துப்புரவாக்கி, சோதனைப் புகையை உட்செலுத்திப் பார்த்தல் வேண்டும். அப்போது விளக்கு எரிந்தது என்பதோடு திருப்தியடைதல் கூடாது. மின்விசிறி உண்மையிலே நின்றதா, அடைப்புத் தட்டு உண்மையிலே மூடிற்றா என நேரிலே சென்று காணவேண்டும். லாஸ் வேகாஸ் ஹோட்டலிலும் அடைப்புத் தட்டுகள் இருக்கத்தான் செய்தன. வேண்டிய வேளையில் அவை பயன்படவில்லை என்பதை மறத்தலாகாது.

நாம் செய்யக்கூடியவை

இவையெல்லாம் பொறியியலாளருக்குரிய செய்திகள்தாமே, குடும்பத்தினர்க்கு இவற்றால் ஆவதென்ன என்று வாசகர்கள் வினவலாம். நம் பிள்ளைகள் இத்தகைய கட்டடங்களிலே தொழில் புரிகின்றனர். நம் நோயாளர் இத்தகைய மருத்துவமனைகளிலே படுத்திருக்கின்றனர். பிரயாணம் செய்வோர் ஹோட்டல் அறையிற் புகுந்ததும், வெளியேறும் படிக்கட்டு எத்தனை கதவுகளுக்கு அப்பால் உள்ளதென எண்ணி மனத்திற் கொள்வது நன்று. புகையிருளிலே கண் உதவாது, எண்ணிக்கை உதவும். தீயென்று அறிந்தால் லிப்டை நாடலாகாது. வெளியேற வழியில்லையெனில், கதவின் அடியிடுக்கை ஈரத்துணியால் அடைப்பதோடு, சுவரிலுள்ள காற்றுவாயையும் ஈரத்துணியால் மூடுதல் வேண்டும். புகை வரும் வழி அதுவும் என்பதை அறியாமையாற் பலர் அதனை விட்டுவிடுகின்றனர். அலுவலகப் பொறுப்பிலுள்ளோர் தமது கட்டடத்தைப் பராமரிப்போரிடம், "காற்றுக்குழாயிலுள்ள கருவியை எப்போது சோதித்தீர்கள்? விசிறி நின்றதா?" என்று கேட்டறிவது அவசியம்.

மாணவ நேயர்களுக்கும் ஒரு சொல். பெரிய கண்டுபிடிப்புக்களைச் செய்வோர் சிலரே. கண்டுபிடித்ததை உரிய இடத்தில், உரிய திசையில் பொருத்தி, ஆண்டுதோறும் தூசி தட்டிப் பேணுவோர் பலராதல் வேண்டும். துளையின் முகம் காற்றை நோக்கியிருக்கின்றதா என்று ஏணியிலேறிப் பார்க்கும் தொழிலாளியின் அந்த ஒரு நிமிடக் கவனம், பின்னொரு நாள் மேல்மாடியில் உறங்கும் நூறு பேரின் மூச்சைக் காக்கக்கூடும். அவர்கள் அவன் பெயரை ஒருபோதும் அறியப்போவதில்லை. ஆயினும் அவன் பணி நிறைவேறியதற்குச் சான்று, அவர்கள் மறுநாட் காலை வழக்கம்போல் விழித்தெழுவதேயாகும்.